பாரவூர்தியும் ஒழுங்கையும்: மன்னாரிலிருந்து பேலியகொடை வரை

மன்னார்த் தீவில் அதிவேக நெடுஞ்சாலை எதுவும் இல்லை. எனினும் எருக்கலம்பிட்டி, பேசாலை, பள்ளிமுனை முதலிய கரையோர ஊர்களில் இறங்கும் மீனையும் நண்டையும் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்படும் கூலர் லொறிகள், தாம்போதியைக் கடந்து, ஏ-14 வீதியில் மதவாச்சி வரை சென்று, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக நீர்கொழும்பை அடைந்தபின், கட்டுநாயக்கவில் அத்தகைய சாலையொன்றில் ஏறக்கூடியனவாக உள்ளன. ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுள்ள அந்தச் சாலை முடிவதோ, நாட்டின் மத்திய மீன் சந்தை அமைந்துள்ள பேலியகொடையிலேதான். ஆகவே இரவு முழுவதும் இருவழிப் பாதையில் ஓட்டிவந்த சாரதி, பயணத்தின் கடைசி அரைமணி நேரத்தில், உடலும் கண்ணும் மிகச் சோர்ந்திருக்கும் வேளையில், முற்றிலும் வேறான விதிகள் ஆளும் ஒரு பாதைக்குள் நுழைகிறார். அவ்விதிகள் எவை, பெரிய வாகனங்களுக்கு அவை ஏன் தனியாக வகுக்கப்படுகின்றன, ஊர்வீதியில் மரியாதையாகக் கொள்ளப்படும் வழக்கம் அங்கே எவ்வாறு ஆபத்தாக மாறுகிறது என்பன, லொறி ஓட்டுபவர்கள் மட்டுமன்றி அதன் பின்னால் கார் ஓட்டுபவர்களும் பஸ்ஸில் உறங்கிச் செல்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

அதிவேக நெடுஞ்சாலை என்பது, எதிரெதிர்த் திசைகளில் செல்லும் வாகனங்கள் நடுத்தடுப்பால் முழுமையாகப் பிரிக்கப்பட்டு, குறுக்குச் சந்தியோ ஒளிச்சைகையோ பாதசாரிக் கடவையோ இல்லாமல், குறிப்பிட்ட நுழைவாயில்களில் மட்டும் ஏறவும் இறங்கவும் இடமளிக்கும் கட்டணப் பாதையாகும். இலங்கையில் இவ்வகையில் முதலாவது, கொட்டாவையிலிருந்து காலி வரை 2011 நவம்பரில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை. கட்டுநாயக்கப் பாதை 2013 ஒக்டோபரிலும், மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகமை–குருநாகல் பகுதி 2022 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. இவற்றில் உயர் வேக எல்லை பொதுவாக மணிக்கு 100 கிலோமீற்றர். கடும் மழையில் அதனை 60 ஆகக் குறைக்கும்படி பொலிஸார் அறிவிப்பதுண்டு. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், துவிச்சக்கர வண்டி, கால்நடை, பாதசாரி எதற்கும் அனுமதியில்லை.

இப்பாதைகளில் ஒரே திசையில் செல்லும் வாகனங்களைப் பிரிப்பதற்காகக் கோடிட்டு வகுக்கப்பட்ட ஒவ்வொரு நீள்பகுதியையும் இலங்கைத் தமிழ் ‘ஒழுங்கை’ என்கிறது. தமிழ்நாட்டில் ‘தடம்’ என்பர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒழுங்கை என்றால் கிடுகு வேலி இரண்டுக்கு நடுவே வளைந்து செல்லும் ஒடுங்கிய பாதை என்பதே பழைய பொருள். இரண்டு பொருள்களுக்கும் பொதுவாய் நிற்பது ஒன்றுண்டு: வேலியொழுங்கைக்குள் நுழைந்தவர் இடையில் எங்கும் திரும்ப முடியாது, முன்னே செல்பவரின் வேகமே பின்னே வருபவரின் வேகமுமாகும். நெடுஞ்சாலையின் வெள்ளைக்கோடு வேலியைப்போல் உடலைத் தடுக்காது என்பதால், அங்கே வேலியின் வேலையைச் சாரதியின் பழக்கமே செய்தாக வேண்டியிருக்கிறது.

பழக்கம் என்பது உருவாகும் இடம் ஏ-14 வீதி. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் அந்த வீதியில் செட்டிகுளம், மடுச்சந்தி, முருங்கன், உயிலங்குளம், தள்ளாடி ஆகிய இடங்களைக் கடந்து தீவுக்குள் நுழையும் எந்தச் சாரதிக்கும், திசைக்கு ஒன்றாக இரண்டே ஒழுங்கைகள் உண்டு. முந்திச் செல்ல வேண்டுமானால் எதிர்த்திசை ஒழுங்கையையே சற்று நேரம் கடனாகப் பெற வேண்டும். நெல் அறுவடைக் காலத்தில் பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்களும், மாலையில் வீடு திரும்பும் மாட்டுப் பட்டிகளும், தீவுக்குள் வந்தபின் எவருக்கும் வழிவிடுவதாக எண்ணமே இல்லாமல் வீதியில் நின்றுகொண்டிருக்கும் மன்னார்க் கழுதைகளும் வேகத்தைத் தாமே கட்டுப்படுத்திவிடுகின்றன. காருக்குப் பொதுவாகக் குடியிருப்புப் பகுதியில் 50, அதற்கு வெளியே 70 என்று சட்டம் வகுத்திருந்தாலும், இவ்வீதியில் சாரதியின் கால் கீழ்ப்படிவது பலகைக்கன்று, கழுதைக்கே எனலாம்.

இத்தகைய வீதியில் நற்பண்புள்ள லொறிச் சாரதி என்ன செய்வார்? பின்னால் வேகமாக வரும் காரைக் கண்ணாடியில் கண்டதும், இடப்புறச் சக்கரங்களைக் கிரவல் ஓரத்தில் இறக்கி, வேகத்தைக் குறைத்து, எதிரே வாகனம் இல்லையெனக் கண்டு, கையசைத்தோ சைகை விளக்கை மினுக்கியோ ‘போகலாம்’ என்று தெரிவிப்பார்; முந்திய கார் ஒலியெழுப்பி நன்றி சொல்லும். இருவழி வீதியில் இது மெய்யான உதவி. நெடுஞ்சாலையில் இதே செயல் மூன்று வகையில் பிழைத்துப்போகிறது. முதலாவதாக, இடப்புற ஓரம் அங்கே கிரவல் அன்று. பழுதான வாகனம் நிற்பதற்கும் அம்புலன்ஸ் விரைவதற்கும் ஒதுக்கப்பட்ட அவசர ஒழுங்கையாகும், அதில் நின்றுகொண்டிருக்கும் வாகனம் இரவில் கடைசிக் கணத்திலேயே கண்ணுக்குத் தென்படும். மேலும், சைகை விளக்கு அங்கே ‘நான் ஒழுங்கை மாறப்போகிறேன்’ என்ற ஒரே பொருளையே தாங்க வேண்டும். அதற்கு வேறொரு பொருளும் இருக்குமானால், பின்னால் வருபவர் எதை நம்புவது? இவை இரண்டையும்விடப் பெரிய பிழை, காரணமின்றித் திடீரென வேகத்தைக் குறைப்பது. நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர், முன்னே செல்லும் லொறி தன் ஒழுங்கையில் தன் வேகத்தில் மாறாமல் செல்லும் என்ற எதிர்பார்ப்பின் மேலேயே தம் முடிவை எடுக்கிறார். ஆகவே அங்கே பெரிய வாகனம் காட்டக்கூடிய மிகச் சிறந்த மரியாதை, எதையும் செய்யாமல் இடது ஒழுங்கையில் சீராகச் செல்வதே.

வலது ஒழுங்கை முந்துவதற்கு உரியது, முந்தி முடிந்ததும் இடது ஒழுங்கைக்குத் திரும்ப வேண்டும் என்பது இடப்பக்கம் ஓட்டும் நாடுகள் அனைத்திற்கும் பொதுவான விதி. பெரிய வாகனங்களுக்கு அதில் கூடுதல் கண்டிப்பு இருப்பதன் காரணத்தை வேகக் கணக்கிலிருந்தே விளக்கலாம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர். முன்னே ஆபத்தைக் கண்டு, அதனை ஆபத்தென உணர்ந்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒருவருக்கு ஒன்றரை விநாடி ஆகும் எனக் கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே வாகனம் 42 மீற்றர் ஓடிவிடுகிறது. நல்ல டயர் பொருத்திய கார் உலர்ந்த வீதியில் அதன்பின் சுமார் 55 மீற்றரில் நிற்கக்கூடும். மொத்தம் 97 மீற்றர். பாரம் ஏற்றிய லொறியின் நிலை வேறு. அதன் பிரேக் அழுத்தக் காற்றினால் இயங்குவது. மிதியை அழுத்தியபின் காற்று குழாய்களில் பாய்ந்து சக்கரங்களை இறுக்க ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகக் கழிகிறது, டயர் நீடித்து உழைக்க வேண்டுமென்பதற்காகக் கடினமாகச் செய்யப்பட்டிருப்பதால் அதன் பிடிப்பும் குறைவு. அதே 100 கிலோமீற்றர் வேகத்தில் அந்த லொறி நிற்க ஏறத்தாழ 133 மீற்றர் வேண்டியிருக்கும். அதன் வேகத்தை 80 ஆகக் குறைத்தால் அந்தத் தொலைவு 94 மீற்றராகச் சுருங்கி, 100இல் வரும் காரின் தொலைவுக்கு இணையாகிவிடுகிறது. உலகின் பல நாடுகள் லொறிக்கு 80 என்ற எண்ணைத் தேர்ந்தது தற்செயலன்று என்பதை இந்த எளிய கணக்கே உணர்த்தும்.

நிற்கும் தொலைவு ஒருபுறமிருக்க, மோதினால் வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுவது. 70இலிருந்து 100க்கு வேகம் ஏறும்போது ஆற்றல் இரு மடங்காகிறது. பத்துத் தொன் மீனும் ஐஸும் வண்டியுமாகச் சேர்ந்து வரும் பாரத்தில் இந்த இரு மடங்கின் பொருளை விளக்கத் தேவையில்லை.

எனினும் லொறியை மெதுவாக ஓடச் செய்வதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அங்கேதான் வேக எல்லையும் ஒழுங்கை ஒழுக்கமும் ஒன்றோடொன்று பிணைகின்றன. 60இல் செல்லும் லொறியை 100இல் வரும் கார் நெருங்கும்போது இடைவெளி விநாடிக்கு 11 மீற்றர் வீதம் குறைகிறது. 200 மீற்றர் தொலைவில் கண்ட பின்விளக்கு 18 விநாடியில் முகத்துக்கு நேரே வந்துவிடும். காரின் வேகம் 120 ஆனால் 12 விநாடி. இரவில் தனியே தெரியும் ஒரு சிவப்பு விளக்கு நிற்கிறதா, நகர்கிறதா, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை மனிதக் கண் கணிக்கத் தடுமாறும். அமெரிக்காவில் டேவிட் சொலமன் என்பவர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, வீதியின் சராசரி வேகத்திலிருந்து எவ்வளவு விலகிச் செல்கிறோமோ அவ்வளவுக்கு, கூடினாலும் குறைந்தாலும், விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறுகிறது எனக் காட்டியது. அதன் முறையைப் பின்வந்த ஆய்வாளர்கள் குறைகூறியுள்ளனர் எனினும், வேகத்தைப் போலவே வேக வேறுபாடும் ஓர் ஆபத்து என்ற அதன் சாரம் இன்றும் பேசப்படுகிறது. லொறியும் காரும் ஒரே எல்லையில் செல்ல வேண்டுமா, தனித்தனி எல்லையா என்ற நீண்ட வாதத்தின் வேர் இதுவே.

இந்தியா தனித்தனி எல்லையைத் தேர்ந்தது. 2018 ஏப்ரலில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை, விரைவுச்சாலைகளில் காருக்கு 120, பஸ்ஸுக்கு 100, சரக்கு வாகனத்துக்கு 80 என வகுத்தது. காருக்கான உயர்வை ஏற்காத சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிக்கையையே இரத்துச் செய்தது. எண்கள் எவையாயினும், தமிழ்நாட்டின் நாற்கரச் சாலைகளில் பயணம் செய்த எவரும் காணும் காட்சி ஒன்றுண்டு: மெதுவாகச் செல்ல வேண்டிய லொறி வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் செல்ல, கார்கள் அதனை இடப்பக்கமாக முந்துகின்றன. இதனைச் சாரதியின் அகந்தை என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அந்த இடது தடத்தில் தேநீர்க் கடைக்கு முன் நிறுத்திய வண்டிகளும், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களும், ஊர்ச்சாலையிலிருந்து திடீரென நுழையும் உழவு இயந்திரங்களும் இருப்பதால், முப்பது தொன்னை அடிக்கடி நிறுத்திக் கிளப்ப விரும்பாதவர் தடையற்ற வலது தடத்தை நாடுவது அவர் கணக்கில் நியாயமே. இடது ஒழுங்கை வெறுமையாக இருக்கும் என்ற உறுதியைச் சாலையே தராதபோது, ஒழுக்கத்தைச் சாரதியிடம் மட்டும் எதிர்பார்ப்பது அரைகுறை எதிர்பார்ப்பு. இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகள் வேலியிடப்பட்டு, சிறு வாகனங்கள் தடுக்கப்பட்டு இருப்பதால் அந்த உறுதியைத் தருகின்றன. ஆகவே இங்கே வலது ஒழுங்கையில் தங்கிவிடும் லொறிக்கு அதே சமாதானம் பொருந்தாது.

இடப்பக்கமாக முந்துவது ஏன் ஆபத்து என்பதும் லொறியின் அமைப்பிலேயே இருக்கிறது. இலங்கை வாகனங்களில் சாரதி வலப்புறம் அமர்ந்திருப்பதால், உயரமான அறையின் இடப்புறக் கதவுக்குக் கீழேயும் அதனை ஒட்டிப் பின்னேயும் கண்ணாடியில் படாத பெரிய பகுதி ஒன்று உண்டு. அதனைக் குருட்டுப் பகுதி என்பர். முந்தி முடித்து இடது ஒழுங்கைக்குத் திரும்பும் லொறி நகர்வது அந்தப் பகுதியை நோக்கியே. அங்கே ஒரு கார் மறைந்திருந்தால், விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கும் சாரதியே அதனை நசுக்குபவராகிறார். வால்பிடித்துச் செல்வதும் இவ்வாறே: லொறியின் பக்கக் கண்ணாடி தமக்குத் தெரியாத அளவுக்கு நெருங்கிவிட்ட கார்ச் சாரதி, லொறிக்காரருக்கும் தாம் தெரியவில்லை என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

ஒரு லொறி மற்றொரு லொறியை முந்தும் காட்சி தனியாக நோக்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பாரவூர்திகளின் இயந்திரத்திலேயே வேகத் தடுப்புக் கருவி பொருத்தப்பட வேண்டும். அது மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேல் ஓடவிடாது. பாதுகாப்புக்காக வந்த இக்கருவி ஒரு புதுத் தொல்லையையும் உடன் கொண்டுவந்தது. எல்லா லொறிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதால், மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றர் கூடுதலாக ஓடவல்ல லொறி மற்றதை முந்த முயலும்போது, இரண்டும் பக்கம் பக்கமாக நெடுநேரம் அசைந்து செல்ல, பின்னால் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஜேர்மானியர் இதற்கு இட்ட பெயர் ‘யானைப் பந்தயம்’. 76இல் செல்லும் லொறியை 80இல் செல்லும் லொறி முந்துவதாகக் கொண்டு, இரண்டின் நீளத்தையும் முன்பின் இடைவெளியையும் சேர்த்து 84 மீற்றர் என வைத்தால், முந்தி முடிக்க 76 விநாடி ஆகும். அதற்குள் அது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கும். வேக வேறுபாடு 10 கிலோமீற்றர் ஆனால் 30 விநாடி போதும். ஜேர்மனியின் ஹாம் நகர மேல் நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பில், முந்துதல் ஏறத்தாழ 45 விநாடிக்குள் முடிய வேண்டும், அதற்கு 10 கிலோமீற்றர் அளவான வேறுபாடு வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது, மரியாதை என்ற மங்கலான சொல்லை எண்ணாக மாற்றியதனாலேயே குறிப்பிடத்தக்கதாகிறது. முந்தப்படும் லொறிக்கும் இதில் ஒரு பங்குண்டு: வீம்புக்கு வேகத்தைக் கூட்டாமல், ஓரிரு கிலோமீற்றர் காலைத் தளர்த்தினால் பந்தயம் விரைவில் முடிந்துவிடும்.

பிரித்தானியாவில் ஏழரைத் தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள், மூன்றோ அதற்கு மேற்பட்டவையோ ஒழுங்கைகள் உள்ள நெடுஞ்சாலையில் வலது ஓர ஒழுங்கைக்குள் நுழையவே கூடாது. யானைப் பந்தயம் நடந்தாலும் மூன்றாவது ஒழுங்கை காருக்குத் திறந்திருக்கும். இரண்டே ஒழுங்கைகள் உள்ள இடத்தில் இவ்விதியை வைக்க வழியில்லை. வைத்தால் மிக மெதுவான லொறியின் பின்னால் எல்லா லொறிகளும் அடைபட்டு நிற்கும். கட்டுநாயக்கப் பாதையில் இந்த வேறுபாட்டை ஒரே பயணத்தில் காணலாம். விமான நிலையப் பக்கத்திலிருந்து ஜா-எல வரை திசைக்கு இரண்டு ஒழுங்கைகளும், அங்கிருந்து பேலியகொடை வரை மூன்றும் உள்ளன. வடக்கிலிருந்து வரும் மீன் லொறி முந்த விரும்பினால், ஜா-எல வரை பொறுத்திருந்து, மூன்று ஒழுங்கைகள் விரிந்தபின் நடு ஒழுங்கையில் அதனைச் செய்வது எவர் வழியையும் அடைக்காது. சந்தையில் விலை கூறத் தொடங்குமுன் சேர வேண்டும் என்ற அவசரம் மெய்யானதே; ஆயினும் இப்பாதை முழுவதையும் 80க்குப் பதில் 100இல் ஓடினாலும் 26 கிலோமீற்றரில் மிச்சமாவது நான்கு நிமிடத்துக்கும் குறைவு.

வகை பிரித்து ஒழுங்கை ஒதுக்குவதில் அரசும் தடுமாறியதுண்டு. 2020 செப்டெம்பரில் கொழும்பின் முக்கிய வீதிகளில் ஒழுங்கை விதியைப் பொலிஸார் கடுமையாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியபோது, இடது ஓரத்தைப் பஸ்களுக்கு ஒதுக்கி, மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும் அதே ஒழுங்கைக்குள் செலுத்தினர். மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் ஒரே வேலிக்குள் அடைத்த அந்த ஏற்பாடு எதிர்ப்பைச் சந்தித்து, சில நாட்களிலேயே மாற்றப்பட்டது.

மன்னாருக்கே உரிய மற்றொரு காரணியைக் கொழும்பில் வகுக்கப்படும் விதிகள் அரிதாகவே கருதுகின்றன: காற்று. மே தொடங்கி செப்டெம்பர் வரை வீசும் சோளகமும் ஆண்டிறுதியில் வரும் வாடையும் இத்தீவை நாட்டின் மிகுகாற்று நிலங்களுள் ஒன்றாக்கியுள்ளன. தெற்குக் கரையில் ‘தம்பபவனி’ என்ற பெயரில் 30 காற்றாலைகள் 2020 டிசெம்பரில் இயங்கத் தொடங்கியதும் அதனாலேயே. 126 மீற்றர் விட்டமுள்ள அவற்றின் சுழலிகளுக்காக, ஒவ்வொன்றும் 60 மீற்றருக்கு மேல் நீண்ட இறகுகள் வீதி வழியே கொண்டுவரப்பட்டன. அத்தகைய ஊர்தி வளைவில் திரும்ப இரு ஒழுங்கைகளும் ஓரமும் சேர்ந்தே போதாது என்பதால், முன்னும் பின்னும் காவல் வண்டி செல்ல, நடைவேகத்தில் ஊர்வதே முறை. அங்கே ஒழுங்கை என்ற கருத்தே தற்காலிகமாக நீங்கிவிடுகிறது. 2025இல் மேலும் காற்றாலைகள் வேண்டாமெனக் கிளர்ந்த மன்னார் மக்கள் வீதியில் மறிக்க முயன்றதும் இத்தகைய ஊர்திகளையே.

சாதாரண லொறிக்கும் இக்காற்று சிறிதன்று. ஆறு மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் உயரமும் உள்ள கூலர்ப் பெட்டி, கரையிலுள்ள எந்தப் பாய்மரத்துக்கும் குறையாத 15 சதுர மீற்றர் பாய். மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று அதன்மேல் ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு நிகரான தள்ளலைத் தருகிறது. மீனும் ஐஸும் நிறைந்து தெற்கே செல்லும்போது பாரமே வண்டியைத் தரையில் பிடித்து வைத்திருக்கிறது. பேலியகொடையில் பெட்டியை ஒழித்துக் கழுவிவிட்டுத் திரும்பும் லொறியோ இலேசானது. பழகிய வீதி, வெறும் வண்டி, வீடு அண்மை என்பதால் அதன் வேகம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். தள்ளாடியைத் தாண்டி, இருபுறமும் நீரும் உப்புச் சேறும் விரிந்த மூன்று கிலோமீற்றர்த் தாம்போதியில் ஏறும்போது காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லை. சாரதி வலப்புறத்திலிருந்து வீசும் காற்றுக்கு எதிராகச் சுக்கானைச் சற்றே திருப்பிப் பிடித்திருக்க, எதிரே வரும் பஸ் கடக்கும் ஒரு கணம் அதன் உடல் காற்றை மறைக்கிறது. தள்ளல் நின்றதும் திருப்பிய சுக்கான் லொறியைப் பஸ்ஸின் பக்கமாக இழுக்கிறது. பஸ் கடந்ததும் காற்று மீண்டும் முழுவதுமாக அறைகிறது. இந்த இரு அசைவுகளுக்கும் அங்கே கிடைக்கும் இடம், வெள்ளைக்கோட்டுக்கும் வீதியின் ஓரத்துக்கும் இடைப்பட்ட ஒரே ஒழுங்கைதான்.